சைலன்சரில் சொட்டிய தண்ணீர்

தம்பி,

உன் கார் நேற்று காலையில் ஸ்டார்ட் ஆனது. இரும்புக் கடைக்குப் போட்டுவிடு என்று நீ சொன்ன அதே வண்டிதான். ஒரு வருஷத்துக்கு மேலாக சென்னீர்குப்பம் ஷெட்டின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. போட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். போடவில்லை. உன்னிடம் நான் சொன்ன பொய்களில் அது ரொம்பச் சின்னது. பெரியதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த மாதத்தில் மூன்று தடவை உன் ஆவடி வீட்டுக்கு வந்தேன். மூன்று தடவையும் "சாப்ட்டியா"ன்னு கேட்டுவிட்டு, மருமகள் ரேவதி போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீ ஜெர்மனிக்குக் கிளம்ப இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்துப் பழகின கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படித்துவிடு.

ஸ்டார்ட் ஆனதும் வழக்கம்போலப் பின்னால் போய்க் குனிந்தேன். சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டியது, கொஞ்சம் வெள்ளைப் புகையும் வந்தது. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். ஆவியாக வெளியே போகிற அது, குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும், குழாய் சூடானதும் நின்றுவிடும். அது நல்ல தண்ணீர். இன்னொரு தண்ணீர் இருக்கிறது. இஞ்சின் சூடாகாமல் இருக்க உள்ளே கூலன்ட் ஓடுகிறதல்லவா, இஞ்சினின் மேல் மூடிக்கு, ஹெட் என்போமே, அதற்கு அடியில் இருக்கிற கேஸ்கட் தகடு கருகிப் போனால், அந்தக் கூலன்ட் பெட்ரோல் எரிகிற இடத்துக்குள் கசிந்து புகையாக வெளியே வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். முகர்ந்தால் தெரிந்துவிடும். கெட்டதில் லேசான தித்திப்பு வாசனை இருக்கும், வெல்லப்பாகு அடிப்பிடிக்கும்போது வருமே, அதுபோல. நேற்று பனியன் வேஸ்ட் துணியை சைலன்சரில் காட்டி நனைத்து முகர்ந்தேன். தித்திப்பு இல்லை. பத்து நிமிஷத்தில் சொட்டுவது நின்றது, புகையும் அடங்கியது. வண்டி சரியாகிவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டியவன், அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து ஷெட் காதர் பாய் பார்த்துவிட்டுப் போய் டீ வாங்கி வந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் நீ அந்தக் காரை வெள்ளானூர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனப் பொட்டு, எல்லாம் ஆகிவிட்டிருந்தது. பழைய கார்தான், ஆனால் பளபளவென்று இருந்தது. "விக்கிற கம்பெனிலயே இருநூறு பாயின்ட் செக் பண்ணிக் குடுத்துக்கிறாங்க நைனா, பாரு"ன்னு போனை நீட்டினாய். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வருமென்று உன் அம்மா சொல்வாள். அன்றைக்கு வந்த கோபத்தை நான் வெளியே காட்டவில்லை. முப்பது வருஷமாக ஊரில் பழைய கார் வாங்குகிறவன் எல்லாம் என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத்தான் வாங்குகிறான். பூந்தமல்லியிலிருந்து பட்டாபிராம் வரை என் காதைக் கேட்காமல் இஞ்சின் கை மாறுவதில்லை என்று நான் ஜம்பமாகச் சொல்லித் திரிந்தவன். என் சொந்தப் பிள்ளை ஒரு போனைக் கேட்டு வாங்கிவிட்டு வந்து நிற்கிறான். "நல்லா கீது"ன்னு மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மார்கழியில் ஒரு காலை, நீ நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். "நைனா, சைலன்சர்லேர்ந்து தண்ணியா சொட்டுது. பொகையும் வெள்ளையா வந்துகினே கீது, நிக்க மாட்டேங்குது. இன்னான்னு பாரேன்" என்று கூப்பிட்டாய். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வந்து உள்ளங்கையை சைலன்சருக்கு நேரே வைத்தேன். கை நனைந்தது. முகர்ந்தேன். தித்திப்பு.

இதை இன்னும் ஒரு தடவை எழுதுகிறேன், ஏனென்றால் நீ அவசரமாகப் படித்துத் தாண்டிப் போய்விடக்கூடாது. எனக்கு அன்றைக்கே தெரியும். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உன்னிடம் சொன்னேன்: "ஒண்ணுமில்லடா. டெய்லி ஸ்டேஷன் வரைக்கும் போற, நிறுத்திடுற. இஞ்சின் சூடே ஆவுறதில்ல, அதான் தண்ணி தேங்கி நிக்குது. ஒரு வாட்டி தூரமா ஓட்டிகினு போயிட்டு வா, சரியாப்பூடும்." நான் சொன்னது முழுப் பொய்கூட இல்லை. கிட்டத்திலேயே ஓடுகிற வண்டியில் அப்படித் தண்ணீர் சேரும்தான். உன் வண்டிக்கு அது காரணம் இல்லை, அவ்வளவுதான். நீ நம்பிவிட்டாய். நான் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாய்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். சாவி என் கைக்கு வராமல் எந்த வண்டியின் குறையையும் வாய் திறந்து சொல்ல மாட்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது டீக்கடையில் ஒருத்தரிடம், உங்க வண்டி பேரிங் போகப்போகுதுங்க என்று நல்ல எண்ணத்தில் சொன்னேன். "இன்னாய்யா, சும்மா கீற வண்டிக்கு வேலை வச்சுப் பொழைக்கப் பாக்குறியா"ன்னு அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வைத்துக்கொண்ட வைராக்கியம் அது. சாவியைக் கொடுத்தால் பார்ப்பேன், பார்த்தால் உள்ளதைச் சொல்வேன். நீ வண்டியைக் காட்டினாய், சாவியைக் கொடுக்கவில்லை, அது இக்னிஷனில்தான் இருந்தது என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. ஒரு நாள் இந்த வண்டி எங்கேயாவது ஆபத்தில்லாத இடத்தில் நிற்க வேண்டும். நீ போன் பண்ண வேண்டும். நான் டூல் பெட்டியோடு வந்து இறங்க வேண்டும். போனில் நீ காட்டிய அந்த இருநூறு பாயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை நான் பேசாமல், நீயாகவே தலையைச் சொறிய வேண்டும். அவ்வளவுதான் தம்பி என் ஆசை. இவ்வளவு அற்பமான ஆசையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் சொன்னேன் என்பதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமையே நீ வண்டியைத் திருத்தணி வரைக்கும் எடுத்துக்கொண்டு போனாய். அம்மா முன் சீட்டில், ரேவதி பின்னால். என்னையும் கூப்பிட்டாய். ஷெட்டில் வேலை இருக்கிறது என்றேன், ஒரு வேலையும் இல்லை. சாயங்காலம் திரும்பி வந்த உன் அம்மா இரண்டு நாளைக்கு அந்தப் பேச்சையே பேசினாள். ஜன்னலை இறக்கிவிட்டு வந்ததில் கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் பறந்ததாம், எதிரே வந்த பஸ்காரன் அவளைப் பார்த்தே வழி விட்டானாம். எனக்கு அவளோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் மொபெட்டின் பின் சீட்டைத் தவிர வேறொன்றும் கொடுக்கத் தெரியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே, கேஸ்கட் இன்னும் எவ்வளவு கருகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. மூன்று நாளைக்கு ஒரு தடவை, நீ குளிக்கப் போகிற நேரம் பார்த்து பானெட்டைத் தூக்கிக் குறைந்திருக்கிற கூலன்டை ஊற்றி வைப்பேன். நீ எப்போது பார்த்தாலும் அளவு சரியாக இருந்தது அதனால்தான். ஒரு நாள் உன் அம்மா துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டாள். "யோவ், சொந்த ஊட்ல இன்னாத்துக்குய்யா திருட்டுத்தனம்? வண்டில இன்னா கோளாறு, புள்ளகிட்ட சொல்லித் தொலையேன்" என்றாள்.

"அவனா வந்து கேக்கட்டும்."

"அதான் அன்னிக்குக் கேட்டானே!"

"சாவியக் குடுத்தா கேட்டான்?"

அவள் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெத்த புள்ளகிட்ட இன்னாய்யா இப்டி ஒரு வீம்பு உனக்கு? நானே சொல்லிடுவேன். சொன்னா உனக்குத்தான் அசிங்கம். நீயா சொல்லு" என்று விட்டுவிட்டாள். கடைசி வரைக்கும் அவள் உன்னிடம் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டை விட்டு அவள் கடைசியாகக் கிளம்பியது அந்த வண்டியில்தான்.

மாசி மாதத்தில் ஒரு வாரம் நான் கூலன்ட் ஊற்றவில்லை. மறந்துபோய் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். ஊற்ற வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சாப்பிடும்போது நீ ரேவதியிடம், "நைனா சொன்னா மாரியே தூரமா ஓட்டினதுல சரியாப்பூச்சு"ன்னு சொன்னாய். நீ என்னைப் பாராட்டித்தான் சொன்னாய். எனக்கோ சுருக்கென்றது. இப்படியே ஊற்றிக்கொண்டிருந்தால் உனக்கு எப்போதுமே தெரியாமல் போகும், இஞ்சின் சூட்டைக் காட்டுகிற சிவப்பு விளக்கு எரியட்டும், அப்போதாவது என்னிடம் வருவாய் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்துகொண்டிருந்தபோது உன் போன் வந்தது. "நைனா, அம்மாக்கு நெஞ்ச அடைக்குதுன்னு சொல்றாங்க, வேர்த்துக் கொட்டுது. வண்டில இட்டுகினு அம்பத்தூர் போறேன், நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு." அந்த வண்டி வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று வாய் வரைக்கும் வந்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? அம்பத்தூர்தானே, தாங்கிவிடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உன்னிடம், "பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னேன். இந்த ஒரு வருஷமாக நான் வேறெதையும் நினைப்பதில்லை, தம்பி. ஒரே ஒரு வார்த்தை. வேணாம் என்ற ஒரு வார்த்தை.

நான் மொபெட்டில் கொஞ்ச தூரம் வருவதற்குள் மறுபடி போன் வந்தது. திருமுல்லைவாயில் தாண்டி, நடு ரோட்டில் நின்றிருந்தாய். "நைனா, வண்டி நின்னுபோச்சு" என்றாய். "ஹெட் போயிருக்கும். வண்டிய அங்கியே உட்டுட்டு ஆட்டோ புடி" என்றேன். புகை வந்ததா, சூடு காட்டுகிற முள் ஏறியதா, எதையும் நான் கேட்கவில்லை. பார்க்காமலே எனக்கு எப்படித் தெரிந்தது என்று உனக்கு அப்போது தோன்றவில்லை, பிறகும் தோன்றவில்லை போலிருக்கிறது. காலை நேரத்து நெரிசலில் ஆட்டோவெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்காமல் போனதாம். கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் இறங்கி இடம் விட்டார்களாம். ரேவதிதான் சொன்னாள். நீ அந்த நேரத்தைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்று டியூட்டி டாக்டர் சொன்னார். உன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நீ அதை அப்படியே வாங்கிக்கொண்டாய். முன்னாடி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியப்போவதில்லை. பாடியை எடுத்துக்கொண்டு போகும்போது நீ என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான் வாங்கின வண்டி நைனா, நான் வாங்கின வண்டிதான் நைனா"ன்னு சொல்லிச் சொல்லி அழுதாய். உன் முதுகைத் தட்டிக்கொடுத்து, "வுடுடா, விதி" என்றேன். என் வேலைக்கு விதி என்று பெயர் வைத்தேன். நான் செய்ததிலெல்லாம் பெரிய பாவம் கூலன்ட் ஊற்றாதது இல்லை, இதுதான்.

பதினாறு முடிந்த பிறகு காதர் பாய்தான் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார். ஹெட்டைக் கழற்றியதும் கேஸ்கட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அன்னிக்குப் போனது இல்லப்பா. மாசக்கணக்கா கசிஞ்சுகினு இருந்துக்குது. உன் கண்ல படாமலா பூச்சு?" என்று கேட்டார். "இல்ல பாய்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். தார்ப்பாயை அவர்தான் கொண்டுவந்து மூடினார்.

நீ ஆவடிக்குத் தனிக்குடித்தனம் போனாய். அம்மா நடந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்றாய், சரி என்றேன். நீ ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். மழையில் நனைந்துகொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். போன வாரம் நீ கடைக்குப் போயிருந்தபோது ரேவதி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "மாமா, அங்க நாங்க இருக்கப் போற ஊர்ல கார் இல்லாம முடியாதாம். இவர் லைசென்ஸையே எடுத்துக்க மாட்டேங்கிறார். இது என் அம்மாவைக் கொன்ன கைன்னு சொல்றார் மாமா. நீங்களாவது சொல்லுங்க" என்று அழுதாள். இன்னொன்றும் சொன்னாள். அந்தக் காரை நீ எனக்குத் தெரியாமல் வாங்கியது என்னை மதிக்காமல் இல்லையாம். ஊர் காரையெல்லாம் ரிப்பேர் பண்ணிவிட்டு மொபெட்டில் வீட்டுக்கு வருகிற மனுஷனுக்காக வாங்கினாயாம். முன்னாலேயே தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று மறைத்தாயாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. மறுநாளே ஹெட்டை அம்பத்தூர் எஸ்டேட் லேத்துக்குக் கொண்டுபோய் மட்டம் பிடித்து, புது கேஸ்கட் வைத்துப் பூட்டினேன். வண்டியைச் சரி பண்ணுவது எனக்குச் சுலபம். அதனால் அதை முதலில் செய்தேன்.

மேலே ஒரு இடத்தில், நீ சாவியைக் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு தூரம் எழுத உட்கார்ந்தவன் நடுவிலும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியட்டும். நீ சாவியைக் கொடுத்தாய். வண்டி வந்த அன்றைக்கே, அந்த மழையில், பொட்டு வைத்த கையோடு சாவியை என்னிடம் நீட்டினாய். "நைனா, மொதல்ல நீ ஒரு ரவுண்டு ஓட்டு" என்றாய். நான் என் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "கை அழுக்கா கீது, அப்பால பாக்கலாம்" என்றேன். அன்றைக்கு நான் ஷெட்டுக்கே போகவில்லை. கை சுத்தமாகத்தான் இருந்தது. நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாய்.

அன்று வாங்கியிருந்தால் ஒரு ரவுண்டிலேயே கண்டுபிடித்திருப்பேன். உன் கை யாரையும் கொல்லவில்லை, தம்பி. நீ உன் அப்பனிடம் காட்டினாய், உன் அப்பன் சொன்னதைச் செய்தாய், உன் அம்மாவைத் தூக்கி வண்டியில் வைத்து ஓட்டினாய். ஒரு பிள்ளை செய்ய வேண்டியது அவ்வளவுதான், நீ அத்தனையும் செய்தாய். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன் பண்ணு என்றுகூடக் கேட்கவில்லை. லைசென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போ. நீ போகிற ஊர் குளிராம். அங்கே காலையில் எல்லா வண்டியும் வெள்ளைப் புகை விடும், தண்ணீர் சொட்டும். பயந்துவிடாதே. கையை நனைத்து முகர்ந்து பார். வாசனை இல்லாமல், சூடானதும் நின்றுவிட்டால் தைரியமாக ஓட்டு. தித்தித்தால் வண்டியை நிறுத்திவிட்டு யாரையாவது கேள். ஒன்றுமில்லை என்று அவன் சொன்னால், சொல்லும்போது கையை எங்கே துடைக்கிறான் என்று பார்.

வண்டியைக் கழுவி ஆவடியில் உன் வீட்டு வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். சாவி இந்தக் கவரில் இருக்கிறது. அன்றைக்கு நீ நீட்டியதை இன்றைக்கு நான் நீட்டுகிறேன். கை அழுக்காக இருக்கிறது என்று நீ சொன்னால் எனக்குப் புரியும்.

நைனா